பன்னிரண்டாவது வெற்றிலை

கொடுமலைச் சீமையை ஆண்ட திருமலைக்கொழுந்து ராஜா மோசமானவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. அவரிடம் ஒரே ஒரு குறை. ஒருவர் வேலையை நன்றாகச் செய்தால், அவருக்கு ஓய்வு கொடுக்கத் தோன்றாது. இன்னொரு வேலை கொடுக்கத்தான் தோன்றும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வேலை சொல்லும்போது ஒரு வெற்றிலையை நீட்டுவார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். வாங்காவிட்டால், நீட்டியவரை அவமதித்ததாக அர்த்தம். அப்படியானால் 'மாட்டேன்' என்று எப்போதுதான் சொல்வது? கேட்டால், 'வழக்கம்' என்பார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் காரணம் சொல்லவேண்டியதில்லை பாருங்கள்.

வடிவம்மை அந்த அரண்மனையின் ராயசம். அரசாங்கக் கடிதங்களை ஓலையில் எழுதுவது அவள் வேலை. நன்றாக எழுதினாள். அதுதான் அவள் செய்த தப்பு. குளத்து மடையில் தகராறா? வடிவம்மை தீர்க்கட்டும். யானைக்குப் பெயர் வேண்டுமா? வடிவம்மை யோசிக்கட்டும். ராஜாவின் மைத்துனர் எழுதிய நானூறு வெண்பாவில் தளை தட்டுகிறதா? அதற்கும் வடிவம்மைதான்.

அவளுக்கு வெற்றிலை பிடிக்காது. சபையை விட்டு வெளியே வந்ததும் வாயிலிருந்து எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவாள். எந்த இலை எந்த வேலை என்று நினைவிருக்க அது உதவியது. வேலை முடிந்தால் அந்த இலையை எறிந்துவிடுவாள். இன்னும் முடியாத வேலைகளுக்கு மட்டும் துணியில் பத்து இலைகள் சேர்ந்திருந்தன. நான்கு ராஜா கொடுத்தவை. ஆறு, ராஜாவுக்கு அடுத்த அதிகாரியான பிரதானி செண்பகராமன் கொடுத்தவை. அந்த ஆறும் பிரதானியே செய்யவேண்டிய வேலைகள்.

வீட்டில் அவள் மகளுக்குப் பதினான்கு மாதம். காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை மடை. இரண்டாம் முறை யானை.

"வெள்ளிக்கிழமை உன் அண்ணன் மூணாவது தடவையா வர்றார்" என்றான் அவள் கணவன் சிவனணைந்தான். "வந்து வந்து திரும்பிப் போனதில் நம்ம நாய்கூட அவரைப் பார்த்துக் குரைக்கிறதை விட்டுடுச்சு. இந்தத் தடவையாவது மாட்டேன்னு சொல்லேன்."

"எங்கே சொல்ல? வாயைத் திறந்தால் வெற்றிலையை வைத்துவிடுகிறார்கள்."

புதன்கிழமை பிரதானி பதினோராவது இலையை நீட்டினார்.

"மண்டபத் தூணில் நம் முன்னோர் வெற்றிலை வழக்கத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் படியெடுத்து, சீமை முழுக்க ஊருக்கு ஓர் ஓலையாக எழுதி அனுப்பு. இப்போதெல்லாம் யாருக்கும் மரியாதை தெரிவதில்லை."

வடிவம்மை தூணுக்குப் போனாள். வெற்றிலையை வாங்கினால் வேலையை ஏற்றதாக அர்த்தம் என்ற முதல் வரி எல்லோருக்கும் தெரிந்தது. அதன் கீழே எண்ணெய்க் குடங்கள் அடுக்கியிருந்தன. நகர்த்தினாள். இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. படித்தாள். குனிந்து இன்னொரு முறை படித்தாள். ஒரே ஓர் ஓலையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சபை கூடியது. ராஜா உற்சாகமாக இருந்தார்.

"வடிவம்மை! நாளைக்குப் பக்கத்துச் சீமை ராஜா வருகிறார். அவரை வரவேற்று நூறு பாட்டு வேண்டும். விடிவதற்குள் எழுதிவிடு" என்று பன்னிரண்டாவது வெற்றிலையை நீட்டினார்.

வடிவம்மை வாங்கவில்லை. அவள் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன.

"என்ன, பல்வலியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"திமிர், மகாராஜா" என்றார் பிரதானி.

வடிவம்மை வாயைத் திறந்து காட்டினாள். பதினோரு இலைகள். பன்னிரண்டாவதை வைக்க இடமே இல்லை. இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து ராஜாவிடம் கொடுத்தாள். ராஜா உரக்கப் படித்தார்.

"வெற்றிலை வாங்கியவர், வேலை முடியும்வரை அதை மெல்லாமல் வாயில் அடக்கியிருக்க வேண்டும்." ராஜா நிமிர்ந்தார். "இப்படியா இருக்கிறது?"

அவள் தூணைக் காட்டினாள். ராஜா தாமே எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். இருந்தது. அடுத்த வரியையும் படித்தார். "முடிக்க நேரமில்லாத வேலையின் வெற்றிலையை, கொடுத்தவரே திரும்ப வாங்கி மென்று, அந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும்."

வடிவம்மை ஒரு தட்டைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றாக ஏழு இலைகளை எடுத்து வைத்தாள். இப்போது பேச முடிந்தது.

"இவை பிரதானியாருடையவை."

"எது யாருடையது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று பாய்ந்தார் பிரதானி.

"மகாராஜா கொடுப்பது கொழுந்து. நீங்கள் கொடுப்பது முற்றல்."

"மகாராஜா, இது எச்சில்..."

"வழக்கம், பிரதானி" என்றார் ராஜா. "சுண்ணாம்பு வேண்டுமா?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

பிரதானி மெல்லத் தொடங்கினார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைப் பார்த்தார். பன்னிரண்டாவது வெற்றிலை இன்னும் அங்கேயே இருந்தது.

"அதுசரி, இப்போது உன் வாயில் இடம் இருக்கிறதே" என்று மறுபடி நீட்டினார்.

இடம் இருந்தது. ஏழு இலைக்கு இடம் இருந்தது. சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சபை முழுவதும் அவளையே பார்த்தது.

"மாட்டேன், மகாராஜா" என்றாள் வடிவம்மை. "நாளைக்கு என் மகளுக்குக் காதுகுத்து. உங்கள் நான்கு வேலைகளையும் திங்கட்கிழமை வந்து முடிக்கிறேன்."

"வாங்காவிட்டால் அவமதிப்பு இல்லையா?"

"தூணில் அப்படி எங்கும் இல்லை. மேலிருந்து கீழ்வரை நான்தான் படியெடுத்தேன். அது பிற்பாடு யாரோ சேர்த்துக்கொண்டது."

பிரதானி மறுத்துப் பேச வாயைத் திறந்தார். இலைதான் தெரிந்தது.

ராஜா தூணைப் பார்த்தார். வெற்றிலையைப் பார்த்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"போய் வா. குழந்தைக்குத் தோடு அரண்மனையிலிருந்து வரும்."

அவள் போனதும் ராஜா வெற்றிலையைத் தம் வாயிலேயே போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிரதானி பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால், அந்த நூறு பாட்டையும் நானா எழுதவேண்டும்?"

"வழக்கம், மகாராஜா" என்றார் பிரதானி, வாய் நிறைய வெற்றிலையோடு.