கல்லை நகர்த்திய குரங்கும் வாயை மூடிய பன்றியும்

ஒரு பெரிய காட்டில், ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. அது மரத்தில் கூடு கட்டும் ஜாதி இல்லை. வெறும் தரைதான் அதற்குத் தொட்டில். முட்டையும் கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

அந்தக் காட்டுக்குள் வண்டி வராது. கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறவர்கள் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு வெகுதூரம் நடந்துதான் வருவார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வனக்காவலர்கள் கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் கல் குவிந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தப் பெரிய பாதை மேட்டிலிருக்கும் மொட்டைப் பாறைக்குப் போகும். அங்கே முட்டையும் இல்லை, குட்டியும் இல்லை. வருகிறவர்கள் தங்கிவிட்டுப் போவார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஓடைக்கரை அத்திமரத்துக் குரங்குக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

"பிஸ்கட் எல்லாம் அந்தப் பாறைக் குரங்குகளுக்கே போகுதே!" என்று வயிறெரிந்தது.

ஒருநாள் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, ஓடைக்கு இறங்கும் சின்னப் பாதையில் குவித்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஒரு கூட்டம் ஓடைக்கரைக்கு வந்து இறங்கியது. முட்டைகளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்தார்கள். பாட்டு என்ன, கூச்சல் என்ன! வெகுநேரம் குருவியால் முட்டைப் பக்கமே போக முடியவில்லை.

காலையில் அவர்கள் கிளம்பினதும் குருவி நேரே அத்திமரத்துக்குப் பறந்தது.

"ஏய் குரங்கே! கல்லை எடுத்த இடத்துல வை! என் பிள்ளைங்க தரையில கிடக்குதுங்க!"

"தரை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று குரங்கு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கேட்டது. "ஒரு கூடு கட்டத் துப்பில்லை, வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு!"

குருவிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் குரங்கோடு மல்லுக்கு நிற்க முடியுமா? காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே! உங்க மூஞ்சியால ஒரு தள்ளு தள்ளினா அந்தக் கல்லெல்லாம் சிதறிப் போகும். அப்புறம் எல்லாரும் பழையபடி பெரிய பாதையிலேயே போயிடுவாங்க."

பன்றியின் வாய் நிறைய உருளைக்கிழங்குத் தோல். ராத்திரி தங்கின கூட்டம் போட்டுவிட்டுப் போனது.

"நமக்கெதுக்கு தங்கச்சி வம்பு? இப்படி ருசியாச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா! முட்டைதானே? போனா இன்னொரு தடவை போட்டுக்கோயேன்."

குருவி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கத்தியது.

"இன்னொரு தடவையா! உங்க குட்டிங்களைப் பார்த்து யாராவது இப்படிச் சொன்னா சும்மா இருப்பீங்களா? இந்தத் தோலுக்காக வாயை வாடகைக்கு விட்டுட்டீங்களே!"

பன்றி காதில் விழாததுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. எதிரே புதர் நிழலில் அதன் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

மத்தியானம் அடுத்த கூட்டம் வந்தது. குருவி கத்தியது. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தது. பிறகு தரையில் விழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. தன் பின்னால் வரட்டும், முட்டைப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்றுதான் அந்தப் பாடு.

முன்னால் வந்தவர் சிரித்தார். "பாரேன், இந்தக் குருவி நம்மகிட்ட சண்டைக்கு வருது!" என்றபடி ஒதுங்கிக் கால் வைத்தார்.

சடக்!

"ஐயோ! ஏங்க, காலை எடுங்க! முட்டைங்க!" என்று அவர் மனைவி அலறினாள்.

ஒரு முட்டை நொறுங்கிக் கிடந்தது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், வாயில்லாத ஜீவன். நாம இங்க இருக்க வேண்டாம். அந்தப் புதர்ப் பக்கம் போயிடலாம்" என்றாள்.

எல்லோரும் மூட்டைகளோடு புதருக்குள் நுழைந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பன்றிக்குட்டிகள் வீறிட்டன. மூலைக்கொன்றாகச் சிதறி ஓடின.

அத்திமரத்தடியில் தோலுக்காகக் காத்திருந்த பன்றி அந்தச் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தது. குட்டிகளைத் தேடிக் காடெல்லாம் ஓடியது. முள்ளில் உடம்பு கிழிந்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்தது. இருட்டுவதற்குள், கடவுள் புண்ணியத்தில், எல்லாக் குட்டிகளும் கிடைத்தன.

"எல்லாம் உன்னாலதான்டா!" என்று பன்றி மரத்தைப் பார்த்து உறுமியது.

குரங்கு உச்சிக் கிளைக்குத் தாவியது. "நான் பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டுக் கல்லை நகர்த்தினேன், சரி. அதைத் தள்ளிவிட உனக்குப் பலம் இருந்துச்சே! பேசாம உட்கார்ந்து தோல் தின்னது யாரு?"

பன்றி நேரே போய்க் கல்குவியலை முட்டிச் சிதறடித்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தது.

"தங்கச்சி, கல்லைத் தள்ளிட்டேன். இனிமே யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த மூன்று முட்டைகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது.

"காலையிலேயே தள்ளியிருந்தா நாலும் இருந்திருக்கும், அண்ணே!"

அடுத்தவருக்கு நடக்கும் அநியாயத்தில் தனக்கும் ஒரு வாய் கிடைக்கிறதே என்று பேசாமல் இருப்பவர், அந்த அநியாயத்தைச் செய்தவரைவிட எந்த விதத்திலும் நல்லவர் இல்லை.