ஒரு புகார்கூட வரவில்லை

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, தனியாக வசிக்கும் பெரியவர்களுக்காக ஒரு ஆப் விட்டது. பேச ஆளில்லாதவர்கள் அதில் எழுதலாம், யாராவது பதில் போடுவார்கள். முதலாளி பத்ரிநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. "முப்பது நாளாச்சு. ஒரு புகார்கூட வரல!" என்று மீட்டிங்குக்கு மீட்டிங் முழங்கினார்.

ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது சபூராவின் வேலை. அந்த ஆபீசில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட யாரும் கிடையாது. அவள் எழுந்து, "சார், அதுல ஒரு குறை இருக்குங்க" என்றாள்.

"குறையா? எவனாவது ஒருத்தன் ஆப்புல எழுதின புகாரைக் காட்டு. காட்டலைன்னா நாளையிலிருந்து வராதே."

"சரிங்க சார். எப்படி எழுதுறதுன்னு மட்டும் நீங்களே ஒருதடவை காட்டிடுங்க."

பத்ரிநாத் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, எழுதும் கட்டத்தைத் தொட்டார். கீபோர்டு எழும்பி வந்து கட்டத்தையும் அனுப்பும் பட்டனையும் சேர்த்து மூடிக்கொண்டது. குருட்டாம்போக்கில் தட்டினார். கீபோர்டை மூடிப் பார்த்தார்; தட்டியதெல்லாம் அழிந்திருந்தது. மறுபடியும் தட்டினார்.

"எங்கேம்மா போச்சு?"

"கீபோர்டுக்கு அடியில சார். நீங்க கேட்ட புகாரெல்லாம் அங்கேதான் இருக்கு."

அன்று மத்தியானமே கட்டத்தைக் கீபோர்டுக்கு மேலே ஏற்றினார்கள். ஐந்தாவது நிமிடம் முதல் செய்தி வந்தது: "ஒரு மாசமா எழுதுறேன். யாராவது இருக்கீங்களா?"

சபூரா டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு, "இருக்கேன்" என்று தட்டினாள்.