தாசில்தார் கேட்ட மாலை

கடல் கடந்து போன பிள்ளைகள், ஊரில் செத்தவர் படத்துக்குப் போடச் சந்தன மாலை கேட்பார்கள். அதை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆன்லைன் கடை ஒன்று மதுரையில் இருந்தது. அங்கே பார்சல் கட்டுகிறவள் தங்கபுஷ்பம்.

ஒரு நாள் உச்சிவெயிலில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அறை சில்லிட்டது, கற்பூரம் மணத்தது.

"என் படத்துக்கு மாலை வேணும். பெரிசா அனுப்பு!"

"எந்த நாடு சார்?"

"தெற்கே. உன் லிஸ்ட்ல இருக்காது. நீயே கொண்டு வா. காசை இங்க வச்சுத் தர்றேன்."

கல்லாவில் இருந்த கடை முதலாளி எழுந்து நின்றுவிட்டார். தாசில்தார் ஏகாம்பரத்தின் குரல் அது. விதவைப் பென்ஷனுக்குத் தங்கபுஷ்பத்தை ஆறு தடவை அலையவிட்ட மனுஷன். போன மாசம்தான் எரித்தார்கள்.

"அனுப்பிரு, நீயே போயிரு" என்று முதலாளி கைகூப்பினார்.

அவள் அசரவில்லை. "வெளிநாட்டுக்குக் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது சார். கார்டு, இல்லேன்னா பேங்க் மூலமா டாலர். எதுன்னாலும் கட்டுறவரு உயிரோட இருக்காருன்னு சர்டிபிகேட் வேணும்."

"ஏய்! நான்தான் பேசிக்கிட்டிருக்கேனே!"

காற்றே இல்லாமல் சுவரில் தொங்கிய மாலைகள் எல்லாம் ஆடின.

"நானும் உங்க மேஜை முன்னால நின்னு பேசிக்கிட்டுத்தான் சார் இருந்தேன். 'பேசினா ஆச்சா, உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் எங்க?'ன்னு கேட்டீங்க."

மாலைகள் நின்றன. குரல் இறங்கி வந்தது.

"அதை... யார்கிட்ட வாங்கணும்?"

"தாசில்தார்கிட்டதான் சார்" என்றாள் தங்கபுஷ்பம். "நேர்ல போய் வரிசையில நிக்கணும்."