விரால் நாட்டாமையின் வைராக்கியம்

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டினாற்போல் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் ஒரு நீர்நாய் விரால் மீன் வளர்த்து வந்தது. பொழுது போகாமல் வளர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. கோடை வந்தால் ஆறு வற்றி வெறும் மணலாகிவிடும். போன கோடையில் அதன் குட்டிகள் எலும்பும் தோலுமாக ஆகிப் பிழைத்ததே பெரும்பாடு. இந்தக் கோடைக்குக் குளத்து விரால்தான் குட்டிகளுக்குச் சோறு என்று நீர்நாய் முடிவு கட்டியிருந்தது.

ஆனால் விரால் சும்மா வளருமா? அது மீன் தின்னும் மீன் ஆயிற்றே! விடிந்ததும் நீர்நாய் ஆற்றுக்குப் போக வேண்டும். அயிரையும் கெண்டைக் குஞ்சும் பிடித்துக் கோரைக் கூடையில் போட்டு, மேடேறி வந்து குளத்தில் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு மூச்சு விடுவதற்குள் விரால்கள் மறுபடி வாயைப் பிளக்கும். மறுபடி ஆறு, மறுபடி மேடு. நீர்நாய்க்கு இடுப்பே விட்டுப்போயிற்று. சொல்கிற எனக்கே அலுப்பாக இருக்கிறது, சுமந்த அதற்கு எப்படி இருந்திருக்கும்!

கூடை கூடையாகக் கொட்டியும் விரால்கள் கொஞ்சம்தான் பெருத்தன. உள்ளே போன மீன் எவ்வளவோ, வளர்ந்த மீன் இத்தனூண்டு.

அந்தக் குளத்தில் எல்லாவற்றிலும் பெரிய விராலுக்கு நாட்டாமை என்று பெயர். அதுவாக வைத்துக்கொண்ட பெயர்தான்.

“இன்னிக்கு அயிரை கொஞ்சம் சின்னதா இருக்கே?” என்றது நாட்டாமை.

“ஆத்துல கிடைச்சது அவ்வளவுதாங்க. வேற ஏதாவது தின்னு பார்க்கலாமில்ல?”

“வேறயா? நாங்க மீனைத் தவிர எதையும் தொடமாட்டோம். அது எங்க வம்சத்து வைராக்கியம், தெரிஞ்சுக்கோ!”

நீர்நாய் ஆற்றுக்குப் போய் அடுத்த கூடை மீனோடு மேடேறி வந்தது. கரையில் அதன் கடைக்குட்டி காத்திருந்தது.

“அம்மா, கூடையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?”

“வேண்டாம் கண்ணு. அது விராலுக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது நீர்நாய்க்கு உறைத்தது. கோடையில் குட்டி பட்டினி கிடக்கக் கூடாது என்று இப்போதே பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறது! அதற்கு அழுகை அழுகையாக வந்தது. அழுவதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

கூடையைக் கொட்டிவிட்டு மறுபடி போனபோது, ஆற்றங்கரையில் ஒரு மீன்கொத்தி வழிமறித்தது.

“அக்கா, கொஞ்சம் நில்லு. காலையிலேர்ந்து தண்ணியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு பொடி மீன்கூடக் கண்ணுல படலை. எல்லாத்தையும் நீ வாரிக்கிட்டுப் போயிட்டா, என் குஞ்சுங்க வாயில நான் என்னத்தைப் போடுவேன்?”

“நான் என்ன ஆசைக்கா வாருறேன்? எனக்கும் பிள்ளைங்க இருக்கே!”

“உன் குளம் நிறையணும்னு எங்க ஆத்தைத் துடைச்சு வெச்சா எப்படிக்கா? நாளைக்கு உனக்கும்தானே ஒண்ணும் இருக்காது?”

அதற்குமேல் நீர்நாய் ஆற்றில் இறங்கவில்லை. அது வெறுங்கூடையோடு காட்டோரம் வரை நடந்தது. அங்கே ஒரு கொல்லையில் அறுப்பு முடிந்து சோயாப் பயறு சிந்திக் கிடந்தது. முள்ளம்பன்றி ஒன்று அதைத் தின்று கொழுகொழுவென்று இருந்தது.

“இதைத் தின்னா உடம்பு வைக்குமா?” என்று கேட்டது நீர்நாய்.

“என்னைப் பார்த்தா தெரியலையா? கறியில இருக்கிற சத்து இதுலயும் இருக்கு. அள்ளிக்கிட்டு ஆளை விடு” என்றது முள்ளம்பன்றி. அதற்கு எப்போதும் கடுகடுப்பு.

நீர்நாய் கூடை நிறைய அள்ளி வந்து, அப்படியே குளத்தில் கொட்டியது. அட, அதுதான் தப்பு! நாட்டாமை ஒன்றைக் கவ்வி, த்தூ என்று துப்பியது.

“எங்களை ஆடு மாடுன்னு நெனச்சியா? யாரும் வாயைத் திறக்காதீங்கடா!”

ஒரு விராலும் தின்னவில்லை. பசி பொறுக்காமல் விழுங்கிய இரண்டொரு சின்ன விரால்கள் வயிறு உப்பி ஒருக்களித்து மிதந்தன. நாளுக்கு நாள் விரால்கள் இளைத்தன. வளர்த்ததும் வீணாகிறதே என்று நீர்நாய் பதறி, முள்ளம்பன்றியிடம் ஓடியது.

“பச்சையாவா போட்டே? நல்ல ஆளும்மா நீ! ஊறவெச்சு, தோலைத் தேய்ச்சு எடுத்து, உச்சி வெயில்ல கொதிக்கிற பாறையில போட்டு வறுபட விடணும். இல்லேன்னா வயிறு உப்பத்தான் செய்யும்.”

“அப்படிச் செஞ்சாலும் தின்ன மாட்டேங்குதுங்களே?”

“அது உன் பாடு.” முள்ளம்பன்றி வளைக்குள் போய்விட்டது.

நீர்நாய் கரையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தது. கடைக்குட்டி வந்து அதன் கையை நக்கத் தொடங்கியது.

“கையில ஒண்ணுமில்லையே கண்ணு.”

“மீன் வாசனை இருக்கே அம்மா!”

நீர்நாய் குட்டியை உற்றுப் பார்த்தது. பிறகு தன் கையை மோந்து பார்த்தது. அவ்வளவு அலுப்பிலும் அதன் மீசை துடித்தது.

மறுநாளே வேலை தொடங்கிற்று. பயறை ஊறவைத்து, தோல் நீக்கி, வெயில் பாறையில் வறுத்து, கல்லில் வைத்து அரைத்தது. நசுக்கிய அயிரையோடு ஒரு சிட்டிகை மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்துக் குளத்தில் போட்டது. விரால்கள் பாய்ந்து விழுங்கின. கொஞ்ச நாள் கழித்து மாவைக் கூட்டி அயிரையைக் குறைத்தது. இன்னும் கொஞ்ச நாள் போனதும் இன்னும் குறைத்தது. கடைசியில் உருண்டை முழுக்கப் பயறுதான். மேலே மட்டும் குட்டிகள் தின்று மீந்த மீன் குடலை லேசாகத் தடவிவிடும்.

“ஆஹா! அயிரைன்னா இதுதான் அயிரை!” என்று நாட்டாமை வயிற்றைத் தடவிக்கொண்டது. “பிடிவாதமா நின்னோம், பார்த்தீங்களாடா? நம்ம வைராக்கியத்துக்கு முன்னால அது பணிஞ்சுபோச்சு!”

நீர்நாய் அடுத்த உருண்டையைப் பிடித்தது. சண்டை போட அதற்கு ஏது தெம்பு?

ஆற்றில் மெல்ல மெல்லப் பொடி மீன்கள் துள்ளத் தொடங்கின. மீன்கொத்தியின் குஞ்சுகள் பறக்கப் பழகின. விரால்கள் உருண்டு திரண்டு வளர்ந்தன. ஒரு நாள் மீன்கொத்தி ஒரு கொழுத்த அயிரையைக் கவ்விக்கொண்டு குளத்து மேலாகப் பறந்து வந்தது.

“அக்கா, நல்லா இருக்கியா?” என்று கேட்க அது வாயைத் திறந்ததும், அயிரை நழுவித் தண்ணீரில் விழுந்தது. நேராக நாட்டாமையின் வாய்க்குள்!

நாட்டாமை ஒரு மெல்லு மென்றது. முகத்தைச் சுளித்தது. த்தூ என்று கரையில் துப்பியது.

“என்ன கண்றாவி இது? ஒரே முள்ளு, ஒரே கவிச்சி! கண்டதையும் எங்க வாயில போடுறியா? நாங்க மீனைத் தவிர எதையும் தொடமாட்டோம்னு சொன்னேனா இல்லையா?”

மீன்கொத்தி விழுந்து விழுந்து சிரித்தது. கரையில் விழுந்த அயிரையைக் கடைக்குட்டி எடுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

“தின்னு கண்ணு. அது உனக்குத்தான்” என்றது நீர்நாய். பிறகு கூடையைத் தலைக்கு வைத்து, பட்டப்பகலில் நிம்மதியாகத் தூங்கிப்போயிற்று.

நீதி: பழகிய ருசியை ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் வீம்புதான் வளரும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால், மாறியது மாறியவருக்கே தெரியாது.