சாய்ந்து நிற்கும் வண்டி

பல்லடத்துக் கனகசபை எதையும் லேசில் நம்பிவிட மாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பார். மாப்பிள்ளையைப் பற்றி அவன் தெருப் பெட்டிக்கடை வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மகளைக் கொடுக்கச் சம்மதித்தார். சம்மதித்த பிறகும் விசாரித்தார்.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு கனமான மோட்டார் பைக்கை வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொடுத்தது ரெபேக்கா. அவர் மகளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். ஆனாலும் கனகசபைக்கு அவள் மாஸ்டர்.

ஓட்டுவதெல்லாம் நன்றாகவே வந்தது. நிறுத்துவதில்தான் வில்லங்கம். சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாய்கிறது. அதைப் பார்த்தாலே விழுந்துவிடும் என்று அவருக்குத் தோன்றும். ஸ்டாண்டுக்கு அடியில் அரைச் செங்கல்லைக் கொடுத்து நிமிர்த்தி வைத்தார். நிச்சயதார்த்தத்தன்று வண்டி வலது பக்கம் விழுந்து அவர் காலைப் பதம் பார்த்தது. ஸ்டாண்டுதான் துரோகம் செய்துவிட்டது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து செங்கல்லுக்குப் பதில் இன்னும் தடிமனான பலகை.

கல்யாணத்தன்று காலை, மறந்துபோன மாலையை எடுத்துவர அந்த பைக்கில்தான் ஓடினார். மாலை மண்டபத்துக்குள் போய்விட்டது. அவர் போகவில்லை. பலகை கொடுத்து வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்தபடி, போகிற வருகிறவர்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே தாரை வார்க்கும் நேரம் நெருங்கியது. மனைவி சரோசா வந்து கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துப்போய், பந்தியில் இருந்த ரெபேக்காவை அனுப்பினாள்.

"அண்ணா, உள்ள உங்களத் தேடறாங்க."

"எப்படிப் போறதுங்க மாஸ்டர்? யாராச்சும் இடிச்சுட்டா?"

"ஸ்டாண்டு இருக்குதில்ல?"

"அத நம்பித்தானுங்க அன்னிக்குக் கால்ல போட்டுக்கிட்டேன்."

ரெபேக்கா குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்ணா?"

"சாயுதுங்க. நிமிந்து நிக்கட்டும்னு."

"கைய எடுத்துட்டு இந்தப் பக்கம் வாங்க."

மனசே இல்லாமல் வந்தார். வலது பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரெபேக்கா இடது பக்கம் நின்று ஒரு விரலால் தள்ளினாள். வண்டி தொம்மென்று விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது.

கனகசபைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவளையும் நம்பியிருக்கக் கூடாது என்று நினைத்தார்.

இருவருமாகத் தூக்கினார்கள். ரெபேக்கா பலகையைக் காலால் ஒதுக்கிவிட்டு, கியரில் போட்டு, வண்டியை அதன் போக்கில் சாயவிட்டாள். இப்போது அவரைத் தள்ளச் சொன்னாள். விரலால் தள்ளினார். உள்ளங்கையால் தள்ளினார். அசையவில்லை.

உள்ளே மேளம் நின்றது. "பொண்ணோட அப்பா எங்கப்பா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மணமேடையிலிருந்து மகள் கார்குழலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போக ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"சாஞ்சுக்கிட்டு நிக்கறத எப்படிங்க மாஸ்டர் நம்பறது?"

"இதுவரைக்கும் விழுந்து நீங்க தூக்கி எடுத்ததெல்லாம் நிமிந்து நின்னதுதானுங்ணா."

கனகசபை சாய்ந்து நின்ற வண்டியை ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.