கடமானின் எட்டு நாள்

மலையடிவாரத்தில் வேட்டுவர் குடி ஒன்று இருந்தது. முப்பது வீடுகள் இருக்கும். அங்கே வில் கற்றுக்கொடுத்தவள் வெள்ளச்சி. வயது முப்பத்தாறு. அதிகம் பேசமாட்டாள்.

அவளிடம் கற்றவர்களில் ஒருவர் அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெயர் சேந்தன். சமவெளியிலிருந்து வந்தவர். இருபது ஆண்டுகள் ஒரு படைக்குச் சோறும் நீரும் ஏற்பாடு செய்தவர். எத்தனை பேர், எத்தனை நாள், எந்த வழி என்று சொன்னால் போதும். மாடுகள் எத்தனை, மூட்டைகள் எத்தனை, எந்த ஊரில் எந்தக் கிணறு என்று கண்ணை மூடிச் சொல்வார். அவர் ஏற்பாடு செய்த பயணத்தில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. மறைக்கவும் மாட்டார்.

மனைவி இறந்த பிறகு மலைக்கு வந்தார். ஏன் வந்தார் என்று வெள்ளச்சி கேட்கவில்லை. வில்லைக் கையில் கொடுத்தாள். மூன்று ஆண்டுகள் போயின.

அந்த ஆண்டு மழை தப்பிவிட்டது. சாமை பாதிதான் விளைந்தது. குளிர்காலம் தொடங்கும்போதே தானியக் குதிர்களின் அடி தெரிந்தது. ஆண்கள் ஆளுக்கொரு திசையில் வேட்டைக்குப் போய் முயலும் காட்டுக்கோழியுமாகத் திரும்பினார்கள்.

ஒரு காலையில் சேந்தன் வெள்ளச்சியிடம் வந்தார்.

"அம்மா, மேல்மலைக்குப் போய் ஒரு கடமான் அடித்து வருகிறேன்."

"யாருடன்?"

"தனியாக."

"வழி காட்ட ஆள் வேண்டாமா?"

"வேண்டாம். எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன்."

"சொல்லும்."

சேந்தன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்தார். நான்கு நாள் ஏற்றம். முதல் நாள் தங்குமிடம் பாறைக்குகை. இரண்டாம் நாள் ஓடை. மூன்றாம் நாள் நீர் கிடையாது, அதனால் சுரைக்குடுவை. நான்காம் நாள் மூங்கில் காட்டுக்கு மேலே புல்வெளி, கீழே பள்ளத்தில் ஒரு சுனை. அங்கே இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். விடியும்போது காற்று மலையிலிருந்து இறங்கும், அப்போது விலங்குக்குக் கீழே நிற்க வேண்டும். வெயில் ஏறினால் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும், அப்போது இடம் மாற வேண்டும். ஆண் கடமான் கத்தும் காலம் இது, சேற்றுக் குழியைத் தேடி வரும். பன்னிரண்டு அம்புகள். வறுத்த சாமை மாவும் வெல்லமும் பத்து நாளைக்கு. கறியை அங்கேயே அறுத்து உப்பிட்டுப் பாதியைச் சுமந்து வருவது, மீதியை மரத்தில் கட்டிவிட்டு ஆட்களை அனுப்புவது. இறக்கம் நான்கு நாள்.

கேட்கச் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். பூதன் என்ற வேட்டைக்காரன், "நான் பிறந்த மலை இது. எனக்கே இவ்வளவு தெரியாது" என்றான்.

வெள்ளச்சி கேட்டாள். "மழை வந்தால்?"

"மெழுகு பூசிய தோல் வைத்திருக்கிறேன். நாணுக்கு இரண்டு மாற்று."

"கால் பிசகினால்?"

"முதல் இரண்டு நாளுக்குள் என்றால் திரும்பி வருவேன். பிறகு என்றால் இருந்த இடத்திலேயே தங்கிப் புகை போடுவேன். மலைச்சரிவில் புகை தெரிந்தால் பூதன் வருவான்."

"வருவேன்" என்றான் பூதன்.

வெள்ளச்சி மண்ணில் இருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போய் வாரும்" என்றாள்.

*

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. குகை இருந்தது. ஓடை இருந்தது. நான்காம் நாள் மாலை அவர் புல்வெளியின் ஓரத்தை அடைந்தார். மூடுபனி தரையோடு படர்ந்து கிடந்தது. எங்கோ மேலே ஒரு கடமான் கத்தியது.

ஐந்தாம் நாள் ஒன்றும் வரவில்லை.

ஆறாம் நாள் விடிந்ததும் அது வந்தது. சேற்றுக் குழியில் புரண்டு எழுந்து, கருத்து, கனத்து, கொம்பில் புல் தொங்க நின்றது. இருபத்தைந்து அடி தூரம். காற்று அவர் முகத்தில் அடித்தது. அவர் நாணை இழுத்தார். மூன்று ஆண்டுகளாகக் கற்றது எல்லாம் கையில் இருந்தது.

அம்பு ஒரு சுள்ளியில் உரசியது. அவ்வளவுதான். விலாவுக்குப் போக வேண்டியது பின்தொடையில் போய்ப் பாய்ந்தது.

கடமான் ஒரு முறை குரைப்பதுபோல் கத்தியது. மூங்கில் காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது. மூங்கில்கள் முறியும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

அவர் உடனே ஓடவில்லை. அடிபட்ட விலங்கை விரட்டினால் அது நிற்காது என்று வெள்ளச்சி சொல்லியிருந்தாள். வெயில் மரத்தின் பாதியளவு ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து இரத்தத்தைத் தேடினார். இலையில் ஒரு துளி. கல்லில் ஒரு கோடு. பத்து அடிக்கு ஒரு முறை ஏதாவது கிடைத்தது. ஓர் இடத்தில் ஒடிந்த அம்பின் வால் கிடந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பகலில் மழை பிடித்தது. காலமல்லாத மழை. இலைகளெல்லாம் கழுவப்பட்டுப் பளபளத்தன. அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. இருபது அடி சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

நின்றார். பையைத் திறந்தார். நான்கு நாளைக்கான மாவு இருந்தது. இறங்குவதற்கு நான்கு நாள்.

மழை விழுந்தபோது அவருக்குள் ஏதோ ஒன்று இளகியது. அது நிம்மதி என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்.

*

பத்தாம் நாள் மாலை, சொன்ன நாளில், சேந்தன் குடிக்கு வந்து சேர்ந்தார். பூதனின் மனைவி அடுப்பைக் கூட்டிப் பெரிய பானையை ஏற்றி வைத்திருந்தாள். அவருடைய வெறுந்தோளைப் பார்த்ததும் பானையை இறக்கினாள்.

"கிடைக்கவில்லை" என்றார் சேந்தன். "இந்த ஆண்டு மேல்மலையில் விலங்கே குறைவு."

"நீங்கள் பத்திரமாக வந்தீர்களே, அது போதும்" என்றான் பூதன்.

வெள்ளச்சி அவருடைய அம்புக்கூட்டை வாங்கிச் சுவரில் மாட்டப்போனாள். அம்புகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"பதினொன்று இருக்கிறது."

"ஒன்று தவறிவிட்டது."

"எதற்கு விட்டது தவறியது?"

சேந்தன் தரையைப் பார்த்தார். அடுப்பில் விறகு வெடித்தது. யாரோ இருமினார்கள்.

"தவறவில்லை" என்றார். "பட்டது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சுள்ளியைச் சொன்னார். இரத்தத்தைச் சொன்னார். மழையைச் சொன்னார். "நான்கு நாளைக்குத்தான் மாவு இருந்தது" என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

வெள்ளச்சி கோபப்படவில்லை. "இன்று தூங்கும். விடிந்ததும் புறப்படலாம்" என்றாள்.

"எங்கே?"

"அதை நீர் விட்டுவந்த இடத்துக்கு."

"அம்மா, அது செத்திருக்கும்."

"செத்திருந்தால் செத்ததைப் பார்ப்போம்."

*

நான்கு நாள் ஏற்றத்தை அவள் மூன்று நாளில் ஏறினாள். சேந்தன் பின்னாலேயே நடந்தார். மூச்சு வாங்கியது. நிற்கச் சொல்ல வாய் வரவில்லை. கிழங்கு கண்ட இடத்தில் அவள் தோண்டினாள். சுட்டுப் பாதியை அவரிடம் நீட்டினாள்.

நான்காம் நாள் காலை மூங்கில் காட்டை அடைந்தார்கள்.

"எந்த இடத்தில் திரும்பினீர்?"

அவர் காட்டினார். அவள் அங்கே நின்று தரையைப் பார்த்தாள். பிறகு மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஐம்பது அடிகூட இல்லை.

"இங்கே வாரும்."

புல் அழுந்திக் கிடந்தது. ஒரு பெரிய உடல் படுத்த வடிவம். அழுந்திய புல்லின் அடியில், மழை படாத இடத்தில், கருத்துக் காய்ந்த இரத்தம்.

"மழை பெய்தபோது இங்கேதான் படுத்திருந்தது" என்றாள். "நீர் உம் பையைத் திறந்ததைக் கேட்டிருக்கும்."

சேந்தன் குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

மழை இரத்தத்தைக் கழுவிவிட்டது. ஆனால் மழைக்குப் பிறகு நடந்த தடத்தை ஈர மண் பிடித்து வைத்திருந்தது. மூன்று குளம்பு, ஓர் இழுவை. மூன்று குளம்பு, ஓர் இழுவை. குழந்தைகூடப் பின்தொடரலாம். வெள்ளச்சி முன்னால் நடந்தாள்.

ஒரு பாறையின் நிழலில் இன்னொரு படுகை. சுற்றிலும் புல் கடிக்கப்பட்டிருந்தது, கழுத்து எட்டும் தூரம்வரை மட்டும்.

"இங்கே இரண்டு நாள். எழுந்து மேய முடியவில்லை." அவள் விரலை மடக்கினாள். "நீர் இறங்கும்போது ஓடையில் தங்கினீரே, அந்த நாள்."

அடுத்த படுகை சரிவில் இருந்தது. பட்டை உரிந்த ஒரு மரம். தரையில் நான்கு இடங்களில் மண் பெயர்ந்திருந்தது. எழ முயன்ற இடங்கள்.

"இது நீர் ஊர் வந்து சேர்ந்த நாள். 'விலங்கே குறைவு' என்றீர்."

"போதும் அம்மா."

"இன்னும் இருக்கிறது. வாரும்."

தடம் பள்ளத்துக்கு இறங்கியது. இப்போது குளம்புகள் இல்லை, இழுவை மட்டும்தான். காய்ச்சல் கண்ட விலங்கு தண்ணீரைத் தேடிப் போகும். சேந்தனுக்கு அது தெரியும். அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். பள்ளத்தில் ஒரு சுனை இருப்பதும் தெரியும். மண்ணில் அவர் இழுத்த கோட்டில் அதுவும் இருந்தது.

சுனைக்கு முன்னால் காற்று திரும்பியது. நாற்றம் வந்தது. சேந்தன் மேல்துணியால் மூக்கைப் பொத்தினார்.

கடமான் தண்ணீரின் ஓரத்தில் கிடந்தது. முன்கால்கள் நீருக்குள், உடல் சேற்றில். விலா எலும்புகளை எண்ணலாம். தொடையில் ஒடிந்த அம்பைச் சுற்றிப் புழுக்கள் நெளிந்தன. ஒரு காகம் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் பறந்துபோய்ப் பக்கத்து மரத்தில் அமர்ந்து காத்திருந்தது.

அப்போது கடமானின் காது அசைந்தது. அவர்கள் வந்த பக்கம் திரும்பியது.

"ஐயோ" என்றார் சேந்தன். "உயிர் இருக்கிறது."

வெள்ளச்சி ஒதுங்கி நின்றாள்.

அவர் வில்லை எடுத்தார். நாணை இழுத்து, விட்டுத் தளர்த்தி, மறுபடி இழுத்தார். கடமான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயப்படவும் அதனிடம் தெம்பு இல்லை. அவர் கிட்டே போனார். மூன்று அடியில் நின்று, விலாவில், முன்காலுக்குப் பின்னால், எட்டு நாளைக்கு முன் விட வேண்டிய இடத்தில் அம்பை விட்டார்.

தலை மெல்லத் தண்ணீரில் சாய்ந்தது.

வெகு நேரம் கழித்து வெள்ளச்சி கிட்டே வந்தாள். முட்டி போட்டு, அதன் மூக்கில் அப்பியிருந்த சேற்றைக் கையால் நீர் அள்ளிக் கழுவினாள்.

"கறி?" என்று கேட்டார் சேந்தன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது.

"ஆகாது" என்றாள் அவள்.

இருவரும் கற்களைப் பொறுக்கினார்கள். அந்தப் பெரிய உடலை மூட ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. காகம் கடைசிவரை மரத்தைவிட்டுப் போகவில்லை. சேந்தனின் விரல்கள் கிழிந்து இரத்தம் கசிந்தது. அவர் நிறுத்தவில்லை. கொம்பின் நுனி மட்டும் வெளியே தெரிந்தபோது, கையில் ஒரு கல்லோடு அப்படியே நின்றார்.

"அம்மா, நான் புறப்படும் முன் என் ஏற்பாடு முழுவதையும் கேட்டீர்கள்."

"கேட்டேன்."

"அடிபட்ட விலங்கு கைவிட்டுப் போனால் எத்தனை நாள் தேட வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை."

"இல்லை."

"அது உங்களுக்கு அப்போதே தெரியும்."

"தெரியும்."

"பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள்? மழையைக் கேட்டீர்கள், காலைக் கேட்டீர்கள். இதைக் கேட்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்னும் ஐந்து நாளைக்கு மாவு கட்டியிருப்பேனே. எனக்குப் பாடம் சொல்லவா இது இப்படிக் கிடந்து செத்தது?"

குரல் பள்ளத்தில் மோதித் திரும்பி வந்தது. வெள்ளச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. மூன்று ஆண்டுகளில் அவர் அதைப் பார்த்ததில்லை.

"பாடம் ஒன்றும் இல்லை, சேந்தரே" என்றாள். "மாவு தீர்ந்தாலும் நீர் அங்கேயே நின்று தேடுவீர் என்று நினைத்தேன்."