கூப்பிடு தூரம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அவசரப்படாதீர்கள். அது மலை மேல் இருக்கிறது, நாம் இன்னும் அடிவாரத்தில்தான் நிற்கிறோம்.

அடிவாரத்தில் ஒரு மடம். மடத்துக்குக் குரு நாச்சியாரம்மா. அம்மாவுக்கு ஞானம் பெரிது, குரல் சின்னது. அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டால் கிணற்றடி வரைக்கும் கேட்கும். நடுவில் ஒரு காக்கை கத்திவிட்டால் அதுவும் இல்லை.

சீடன் பெயர் கொழுந்து. இருபது வயது. அவன் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. சமையல் பார்க்கும் வீரபத்திரர் இருமினால் இவனும் இருமுவான். தான் இருமினோமா இல்லையா என்று வீரபத்திரருக்கே சந்தேகம் வந்துவிடும். அம்மா குரலில் "பூசைக்கு நேரமாச்சு" என்று சொல்லி, மடத்தையே ஒரே காலையில் இரண்டு தடவை குளிக்க வைத்த புண்ணியவான் அவன்தான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் அம்மா முன்னால் வந்து நின்றான். முகத்தில் விளையாட்டே இல்லை.

"அம்மா, நான் மேலே குகையில போய் இருக்கப் போறேன். ஒரு வருஷம் வாய் திறக்க மாட்டேன்."

"நீயா?"

"நானேதான். இங்கே யார் பேசினாலும் அந்தக் குரல் வந்து எனக்குள்ள ஒட்டிக்குது. என் குரல் எதுன்னே மறந்துபோச்சு. போயே தீரணும்."

"போன மழைக்காலத்துல அந்தக் குகையில இருந்த சாமியாரைப் பாம்பு கடிச்சது, தெரியுமா?"

"தெரியும்."

"அவர் கத்தினது ஒருத்தர் காதுலயும் விழலை."

"குகை என்னம்மா தூரம்? இதோ, கூப்பிடு தூரம்தானே!"

அம்மா கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"அந்தச் சொல் எதுக்கு வந்ததுன்னு தெரியுமா?"

"கிட்டத்துல இருக்குன்னு சொல்றதுக்கு."

"வழி கேட்டவனை நாலு மைல் நடக்க வைக்கிறதுக்கா?"

கொழுந்து தலையைச் சொறிந்தான்.

"தூரம் அளக்கக் கயிறும் கோலும் இல்லாத காலம்" என்றார் அம்மா. "இந்தக் காட்டுல ரெண்டு பேர் ஆடு மேய்ச்சாங்க. புலி நடமாட்டம் உண்டு. ஒருத்தன் கூப்பிடுவான், மத்தவன் குரல் கொடுப்பான். பதில் வராத இடத்துக்கு ரெண்டு பேருமே ஆட்டை ஓட்ட மாட்டாங்க. அங்கே புல் இடுப்பளவு நின்னாலும் சரி. அவங்க நின்ன எல்லைக்குத்தான் அந்தப் பேரு."

"அப்போ அளந்துடுவோம்மா."

"அளந்துடுவோம். நீ ஓடையில குளிச்சுட்டு மேலே போ. அடுக்களைப் புகை அடங்கட்டும். அப்புறம் நான் கூப்பிடுறேன். கேட்டா பதில் கொடு, குகை உனக்கு. கேட்கலைன்னா இறங்கி வந்துடு."

"சத்தியமா?"

"சத்தியமா."

சிரிப்பு இன்னும் வரவில்லை என்கிறீர்களா? ஏறிக்கொண்டிருக்கிறது.

கொழுந்து ஓடையில் நிதானமாகக் குளித்தான். மலை ஏறும்போதே முடிவு கட்டிவிட்டான். அம்மா குரல் கிணற்றைத் தாண்டாது. தன் குரல் நாலு ஊரைத் தாண்டும். கேட்டதா கேட்கலையா என்பது தன் காதுக்கு மட்டும்தானே தெரியும்? குகை வேண்டும் என்றால் வேண்டும்தான்.

குகை வாசலில் நின்று பார்த்தான். கீழே மடம் தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தது. அடுக்களைப் புகை மெலிந்தது, நூலானது, அறுந்தது.

காதைத் தீட்டிக்கொண்டான். காற்று. ஒரு மைனா. வேறொன்றும் இல்லை.

ஒரு ஆள் வாசலுக்கு வந்து, தொண்டையைச் செருமி, கூப்பிட்டு முடிக்கிற நேரம் மட்டும் பொறுத்தான். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"அம்மா! கேட்டுது! 'கொழுந்தூ'ன்னு கூப்பிட்டீங்க! நல்லாக் கேட்டுது!"

அந்தக் 'கொழுந்தூ'வை மட்டும் அம்மா குரலிலேயே, மெல்லிசாக இழுத்தான். பழக்க தோஷம்.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையே."

அதே சின்னக் குரல். தன் வாயிலிருந்துதான் வந்துவிட்டதோ என்று கொழுந்து குவித்த கையாலேயே உதட்டைத் தொட்டுப் பார்த்தான். உதடு மூடித்தான் இருந்தது.

திரும்பினான்.

குகையை ஒட்டிய பாறை மறைவில் நாச்சியாரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் முள் கீறல். புடவை ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருந்தது.

"அம்மா! நீங்க எப்படி..."

"ஆட்டுப் பாதை வழியா. இரு, மூச்சு வாங்குது. அப்புறம் கூப்பிடுறேன்."

"கீழே இருந்துதானே கூப்பிடுறேன்னு சொன்னீங்க?"

"அப்படியா சொன்னேன்?"

கொழுந்து யோசித்துப் பார்த்தான். சொல்லவில்லை.

"இந்த வயசுல எதுக்கும்மா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"என் குரல் சின்னதுப்பா. உனக்குக் கேட்கணும்னா நான்தானே நடக்கணும்?"

வாயருகே குவிந்திருந்த கைகளை அவன் இன்னும் எடுக்கவில்லை. இப்போது மெதுவாக எடுத்தான்.

அம்மாவுக்கு மூச்சு நிதானப்பட்டது.

"கொழுந்து" என்று கூப்பிட்டார்.

"கேட்டுதும்மா" என்றான்.

அந்தக் குரல் யார் மாதிரியும் இல்லை.